கட்டியவர் பெயர் தெரியாத பாட்டு

அந்தப் பாட்டைக் கட்டியது நான்தான் என்று எழுத இப்போதும் கை தயங்குகிறது. என் கணவருக்கு அது கடைசிவரை தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் காலமாகிவிட்டார்கள். இனி இதனால் யாருக்கும் கெடுதல் வராது என்பதால் எழுதுகிறேன். ஊராரின் பெயர்களை மட்டும் எழுதமாட்டேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே கரையில்தான் வலை இழுக்கிறார்கள்.

கற்பிட்டிக்கும் தலவிலவுக்கும் நடுவில், மேற்குக் கடலைப் பார்த்தபடி எங்கள் மீனவ வாடி இருந்தது. நாற்பது குடிசைகள், எல்லாம் கத்தோலிக்க வேதக்காரர். உலகச் சண்டை முடிந்துவிட்டது, வெள்ளைக்காரர் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று கற்பிட்டிக் கடைகளில் கதைத்தார்கள். எங்களுக்கு அது தூரத்துக் கதை. எங்கள் கரைக்கு அரசன் சம்மாட்டியார். மூன்று வள்ளங்களும் இரண்டு கரைவலைகளும் அவருடையவை. எங்கள் குடிசைகள் நின்ற நிலமும் அவருடையதுதான். என் கணவர் அவருடைய வலைக்குக் கயிறு இழுத்தார். நான் அவருடைய பாய்களில் மீன் கீறி, உப்பிட்டு, காயவைத்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தேன்.

சிறு வயதிலிருந்தே எனக்குள் வரிகள் வரும். மீன் கழுவும்போது வரும், தண்ணீர் அள்ளும்போது வரும். வந்ததை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் இருப்பவள் காதில் விழும்படி முணுமுணுப்பேன். அவளுக்குப் பிடித்தால் அவளும் முணுமுணுப்பாள். பிடிக்காவிட்டால் அத்தோடு போய்விடும். ஆர் கட்டினது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்பதற்கு அது ஒரு பொருளாகவே அவர்களுக்குப் படவில்லை.

அந்த ஐப்பசியில் சம்மாட்டியாரின் பெரிய வள்ளம் கரையில் ஏற்றப்பட்டிருந்தது. பலகை இடுக்குகளில் கயிற்றுப் பஞ்சைத் திணித்துத் தார் பூசுவதை நாங்கள் கலப்பத்து என்போம். சண்டைக் காலத்துக்குப் பிறகு நல்ல தார் கிடைப்பதில்லை. கிடைத்தது தண்ணீர்த் தார், காயக் கிழமைக்கணக்காகும். பூசி மூன்றாம் நாள், அறுக்குளா மீன் கூட்டம் வெளிக்கடலில் நிற்பதாகச் செய்தி வந்தது. அன்று காலை நான் மீன்பாயை இழுத்துக்கொண்டு வள்ளத்தைச் சுற்றிப் போனபோது கால் சறுக்கியது. விழாமலிருக்க வள்ளத்தின் வயிற்றில் கையை ஊன்றினேன். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கத் தார். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கையில் சம்மாட்டியாரின் குரல் கேட்டது.

"தள்ளுங்கடா. தார் தண்ணியில காயும்."

வள்ளத்தின் தலைவரான மண்டாடி, மேகம் சரியில்லை என்றார். சம்மாட்டியார் மறுபடி சொல்லவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். மண்டாடியும் மூன்று பேரும் ஏறினார்கள். என் கணவரும் மற்றவர்களும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

பின்னேரம் காற்று திரும்பியது. வள்ளம் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டு உடல்கள் வடக்கே கரையொதுங்கின. மற்ற இருவரையும் கடல் தரவில்லை.

கற்பிட்டி நீதிமன்றத்தில், எங்கள் வாயில் அது கோடு, மரண விசாரணை நடந்தது. கரையில் நின்ற ஏழு ஆண்களையும் கூப்பிட்டார்கள். ஏழு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள்: தார் காய்ந்திருந்தது, சம்மாட்டியார் போக வேண்டாம் என்றுதான் சொன்னார், மண்டாடி தானாகவே போனார். ஏழு பேரில் ஒருவர் என் கணவர். திரும்பி வந்து வாசலில் குந்திக்கொண்டு கால்களைக் கழுவினார், நெடுநேரம். என் உள்ளங்கை ரேகைகளில் தாரின் கறுப்பு அப்போதும் முழுதாகப் போயிருக்கவில்லை.

மண்டாடியின் மனைவி எனக்குப் பக்கத்துக் குடிசை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய புருஷன் உடல் கிடைக்காத இருவரில் ஒருவர். அவளுக்கு அழுகை வரவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார்கள். அவள் கல்லாட்டம் இருந்தாள். நான் அவள் தோளோடு தோளாக நெருங்கி, அவளுடைய காதுக்குள் சொன்னேன்:

"தார் காயாத தோணியில
ஆர் ஏறச் சொன்னது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அதையே உரக்கச் சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெண்கள் எல்லாரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அடுத்ததைச் சொன்னேன்:

"கோட்டில சொன்ன கதை
கடலுக்குக் கேட்டதோ?"

அக்கா அதையும் பாடினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் விளக்கை ஏற்றினேன். என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த சில நாட்கள் மீன்பாய்களில் அந்த ஒப்பாரி நடமாடியது. நான் மூன்றாவதாக ஒன்று கட்டியிருந்தேன். வானத்து வெள்ளிகள் எல்லாம் கண்ணீராய் விழுந்தன என்று. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மீன் கீறிக்கொண்டிருந்த ஒரு கிழவி அதைக் கேட்டுவிட்டு, "வெள்ளி எங்க அழுகுது? ஆரோ கூத்துப் பாக்கப் போய்ப் பழகினவள் இதைச் சொருகிப்போட்டாள்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். காது சூடேறிப்போயிற்று. ஆனால் அவள் சொன்னது சரி. மறுநாள் காலை, மண்டாடி இடுப்பில் கட்டும் சாரத்தை வைத்து வேறொன்றை முணுமுணுத்தேன்:

"காயப் போட்ட சாரம் இன்னும்
கயித்தில ஆடுது."

கிழவி கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் கட்டியது என்று தெரிந்திருந்தால் முதல் நாள் அவள் சிரித்திருக்கமாட்டாள். நல்லாயிருக்கு பிள்ளை என்று சொல்லியிருப்பாள். அந்த வெள்ளியும் கண்ணீரும் பாட்டில் அப்படியே கிடந்திருக்கும்.

பெண்கள் மத்தியில் இருக்கும்வரை ஆபத்தில்லை. அது வலைக்குப் போனதுதான் வினை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் வரி சொல்ல, மற்றவர்கள் ஏலேலோ என்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். யார் முதலில் கொண்டுபோனார்களோ தெரியாது. கார்த்திகையில் ஒரு காலை, மீன்பாயில் நான் குனிந்திருக்கையில், முப்பது ஆண்களின் குரலில் அது வந்தது. தார் காயாத தோணியில, ஏலேலோ, ஆர் ஏறச் சொன்னது, ஏலேலோ. சம்மாட்டியாரின் வலையை, சம்மாட்டியாரின் கண்ணுக்கு முன்னால், அந்தப் பாட்டோடு இழுத்தார்கள். அவர் குடையைப் பிடித்தபடி நின்றார். வலை கரையேறும்வரை அசையவில்லை.

அன்று என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அதைக் கட்டினவன் கோட்டில நிண்டிருக்கான்" என்றார். "என்னைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கான்."

"நீங்களும் பாடினீங்களா?"

"எல்லாரும் பாடக்குள்ள வாயை மூடிக்கொண்டு கயிறு இழுக்கேலாது." கையை உதறிவிட்டு, "அவன் என்னைப் பத்தித்தான் பாடியிருக்கான்" என்றார்.

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவர் பயந்துவிடுவார். தனக்காக அல்ல, எனக்காக. பயந்த மனிதனால் முகத்தில் எதையும் மறைக்க முடியாது. சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

சம்மாட்டியார் ஒவ்வொரு குடிசையாக வரத் தொடங்கினார். சத்தம் போடமாட்டார். வாசலில் நின்று, "இந்தப் பாட்டை ஆர் கட்டினது?" என்று மட்டும் கேட்பார். எல்லாரும், "தெரியா சம்மாட்டியார். கரையில பாடினாங்க, நாங்களும் பாடினம்" என்றார்கள். அது உண்மையும்கூட. எங்கள் வாசலுக்கு அவர் வந்தபோது நான் முற்றத்தில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். புதிய மண்டாடி பின்னால் நின்றார். என் கணவரும் அதே பதிலைச் சொன்னார்.

சம்மாட்டியாரின் பார்வை என்மேல் விழுந்தது.

"உன்ர பொஞ்சாதி பள்ளிக்கூடம் போனவள் என்ன?"

கையிலிருந்த மீன் நழுவப் பார்த்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அஞ்சாம் வகுப்பு" என்றார் என் கணவர். "அதெல்லாம் மறந்துபோச்சு. இப்ப தன்ர பேரை எழுதவே யோசிப்பா."

"அப்பிடியா பிள்ளை?"

"ஓம் சம்மாட்டியார்" என்றேன். "எழுதி எவ்வளவு காலம்."

அவர் என் கைகளைப் பார்த்தார். உப்பும் செதிலும் ஒட்டிய கைகள். பிறகு மண்டாடியிடம் திரும்பினார். "இது பொம்புளையள் கட்டுற பாட்டில்ல. ஒரு ஊசி இருக்கு இதுக்குள்ள. இது கூத்துத் தெரிஞ்ச தலை." போய்விட்டார்கள்.

நான் தப்பித்தேன். ஆனால் உள்ளே ஏதோ எரிந்தது. பொம்புளையள் கட்டுற பாட்டில்ல என்றதை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். அந்த மனிதரின் பின்னால் ஓடிப்போய், நான்தான் என்று சொல்லவேண்டும்போல ஒரு வெறி. புகழாசை எனக்கு இருக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்று அது என்னைக் கழுத்தைப் பிடித்து உலுக்கியது.

கூத்துத் தெரிந்த தலை என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான். கூத்து எழுதி, ஆட்டக்காரரைப் பழக்குபவரை நாங்கள் அண்ணாவியார் என்போம். அவருடைய பெயர் சிலாபம்வரை தெரியும். மறுநாள் சம்மாட்டியாரின் ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அவருடைய குடிசையைக் கொளுத்துவார்கள் என்று நினைத்தேன். அக்காவிடம் ஓடினேன்.

"நான் போய்ச் சொல்லப் போறன். அந்த மனுசன் என்ன பாவம் செய்தார்?"

அக்கா என் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் இரு. என்ன நடக்குது எண்டு பாப்பம்."

பின்னேரம் செய்தி வந்தது. அண்ணாவியார் சம்மாட்டியாரின் விறாந்தையில் கதிரையில் உட்கார்ந்து பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறாராம். நீயா கட்டினாய் என்று சம்மாட்டியார் கேட்டபோது அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை ஊர் தன் விருப்பப்படி விளங்கிக்கொண்டது. ஒரு கிழமைக்குள் அந்தப் பாட்டு அண்ணாவியாரின் பாட்டாகிவிட்டது. அவர் வீதியில் போனால் ஆண்கள் எழுந்து நின்றார்கள். கற்பிட்டியில் பாண்கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு இருத்தினாராம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் பாட்டு என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் சம்மாட்டியார் குடிசை குடிசையாக வருவது நின்றுவிட்டது. ஊர் மூச்சுவிட்டது. அந்த ஆறுதலையும் என்னால் மறுக்க முடியவில்லை.

சம்மாட்டியார் புத்திசாலி. ஆளைத் தெரியாதபோது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆள் கிடைத்ததும் அடிக்கவில்லை. பக்கத்தில் கதிரை போட்டார். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தால் அண்ணாவியாரைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். புது வள்ளத்தைப் பற்றிப் பாட்டுக் கட்டச் சொன்னார். அண்ணாவியார் வீட்டு வாசலில் எந்நேரமும் நாலுபேர் நின்றார்கள், அடுத்தது என்ன கட்டுகிறார் என்று பார்க்க. இயேசு உயிர்த்த திருநாளுக்கு அவர் எழுதத் தொடங்கியிருந்த கூத்து பாதியில் நின்றது. எழுதியதைக் கிழித்துப் போடுகிறாராம் என்று அவருடைய மனைவி கிணற்றடியில் சொல்லி அழுதாள்.

நான் அப்போது எப்படி இருந்தேன்? என்முன் எல்லாரும் வாயைத் திறந்து கதைத்தார்கள். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், எந்தப் பெண் எந்த இரவைப் பற்றிப் பேசமாட்டாள், எல்லாம் மீன்பாயில் என் காதில் விழுந்தது. அண்ணாவியார் வந்தால் அதே பெண்கள் பேச்சை மாற்றினார்கள். "பாத்துக் கதை, பாட்டில போட்டிருவார்" என்றார்கள்.

தை மாதத்தில் இன்னொன்று நடந்தது. கரைத்தீவுப் பக்கத்துத் தோணிக்காரர் சிலர் எங்கள் கரையில் ஒதுங்கினார்கள். அவர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அதில் நான் கட்டாத ஒன்று இருந்தது:

"தார் காஞ்சு போச்சு இப்ப
ஆள் இன்னும் காயயில்ல."

நான் அப்படியே நின்றுவிட்டேன். கடலுக்கடியில் இன்னும் நனைந்துகொண்டிருக்கும் மனிதனை நான் நினைக்கவேயில்லை. என்னுடைய எல்லா வரிகளையும்விட அது மேலாக இருந்தது. முதலில் பொறாமை வந்தது. பிறகு யாரென்றே தெரியாத அந்த ஆளுக்கு நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது. என் பெயர் அந்தப் பாட்டில் ஒட்டியிருந்தால் அவர் அதில் கை வைத்திருப்பாரா?

தலவிலக் கோயிலின் பங்குனித் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மத்தியானத்தில், என் கணவர் வலைக்குப் போயிருந்த நேரம், அண்ணாவியார் எங்கள் வேலியோரம் வந்து நின்றார். கறுத்துப்போயிருந்தார். உள்ளே வரவில்லை.

"பிள்ளை, அது நீதானே?"

"எது அண்ணாவியார்?"

"மண்டாடியின்ர பொஞ்சாதிக்கிட்ட மூண்டு நாளாக் கேட்டன். அவ ஒண்டும் சொல்லயில்ல. சொல்லாமலே உன்ர வீட்டுப் பக்கம் பாத்தா."

நான் மீனைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"திருநாளுக்குப் பாட்டை மாத்திப் பாடச் சொல்றார்" என்றார். "தாரும் இருக்கக்கூடாது, கோடும் இருக்கக்கூடாது. பெரிய ஆக்கள் வாறாங்களாம். எனக்கு வருதில்ல பிள்ளை. நாலு மாசமா ஒரு வரி வருதில்ல. நீ மாத்தித் தா."

"நான் மாத்தித் தராட்டி?"

அவர் வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்றார். "அப்ப நான் உண்மையைத்தான் சொல்லவேண்டி வரும்."

பயமுறுத்தினாரா, மன்றாடினாரா என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வீடு போகும், வேலை போகும், என் கணவர் முகம் எப்படியாகும் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்தது.

"அது என்ர பாட்டில்ல, அண்ணாவியார்" என்றேன். "உங்கட எண்டு ஊர் சொல்லுது. நீங்களும் இல்லை எண்டு சொல்லயில்ல. உங்கட பாட்டை நீங்க மாத்துங்க."

அவர் வேலிக்கம்பிலிருந்து கையை எடுத்தார். "உனக்குப் பேர் வேணாமா?"

"எனக்கு மீன் காயோணும்" என்றேன். அவர் மணலில் கால்புதைய நடந்து போனார்.

அந்தப் பத்து நாட்களும் நான் தூங்கியது குறைவு.

திருநாளுக்குத் தலவிலவில் மரங்களின் கீழெல்லாம் ஆட்கள் தங்கியிருந்தார்கள். சம்மாட்டியார் தன் ஆட்களுக்குப் பெரிய பந்தல் போட்டிருந்தார். பூசை முடிந்து, பொழுது சாய முன், அங்கே ஐந்நூறு பேர்வரை கூடினார்கள். முன்னால் கதிரைகளில் அரசாங்க அதிகாரியான சிலாபத்து முதலியார் ஒருவர், கொழும்பு வியாபாரிகள் இருவர், நடுவில் சம்மாட்டியார். நான் பெண்கள் பக்கத்தில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் ஆண்கள் கூட்டத்தில் எங்கோ இருந்தார்.

அண்ணாவியார் எழுந்தார். புது வேட்டி, சால்வை. கைத்தாளத்தைத் தட்டி, அதே மெட்டில் தொடங்கினார்:

"கார் மூடும் வானத்தில
ஆர் காத்தை ஏவினது?"

தாரைக் காராக்கிவிட்டார். ஏறச் சொன்ன வாய் போய், காற்றை ஏவிய கடவுள் வந்துவிட்டார். கெட்டிக்காரத்தனமான மாற்றம்தான். சம்மாட்டியார் முதலியார் பக்கம் சரிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்காவின் விரல்கள் என் கையில் இறுகின.

வழக்கப்படி கூட்டம் அந்த வரியைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. அண்ணாவியார் மறுபடி பாடினார். மறுபடியும் அமைதி. ஒரு குழந்தை இருமியது கேட்டது. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் தனியாக எழுந்தது. கரகரப்பான, சுருதி சேராத குரல்.

"தார் காயாத தோணியில
ஆர் ஏறச் சொன்னது?"

அது என் கணவரின் குரல்.

எழுந்து நின்றிருந்தார். கைகள் இரண்டும் கயிறு பிடிப்பதுபோல முன்னால் இருந்தன. இரண்டாவது வரி முடிவதற்குள் பத்துப் பேர் சேர்ந்தார்கள். கோட்டில சொன்ன கதை என்பதை அன்று கோட்டில் நின்ற ஏழு பேரில் ஐந்து பேராவது பாடியிருப்பார்கள். கரைத்தீவுக்காரரின் வரி வந்தபோது பந்தலே பாடியது. அக்கா என் பக்கத்தில் வாய்விட்டு அழுதுகொண்டே பாடினாள். நான் மட்டும் பாடவில்லை. என் வாய் திறக்கவில்லை.

பாட்டு ஓய்ந்தது. சம்மாட்டியார் கதிரையிலிருந்து எழும்பவில்லை. முதலியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாவி" என்றார் சம்மாட்டியார், மெல்லிய குரலில். "இது உன்ர பாட்டுத்தானே?"

அண்ணாவியார் கூட்டத்தைப் பார்த்தார். அவருடைய கண் ஆண்கள் பக்கம் போய், பெண்கள் பக்கம் திரும்பி, என்மேல் வந்து நின்றது. எத்தனை நொடி என்று தெரியாது. சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னால் எழும்பி நிற்பது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

"இல்ல" என்றார். "இது என்ர இல்ல. ஒருநாளும் என்ர இல்ல. ஆர்ட எண்டு எனக்குத் தெரியா."

தாளத்தைக் கீழே வைத்தார். சால்வையை மடித்துக் கதிரையில் போட்டார். கூட்டம் அவருக்கு வழி விட்டது.

வாடிக்கு மணல்பாதையில் திரும்பும்போது என் கணவர் முன்னால் நடந்தார். நான் பின்னால். பாதி வழியில், திரும்பாமலே சொன்னார்: "நான் கோட்டில பொய் சொன்னன்."

"தெரியும்" என்றேன்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்கு என்ர கையில தார் பட்டது."

அவர் நின்றார். நான் அருகே வரும்வரை நின்று, பிறகு என்னோடு சேர்ந்து நடந்தார்.

மூன்றாம் நாள் புதிய மண்டாடி வந்தார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: நாளையிலிருந்து கயிறு இல்லை, கிழமை முடிவதற்குள் குடிசையைப் பிரிக்கவேண்டும். ஐந்நூறு பேரைச் சம்மாட்டியாரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதலில் பாடியவரைச் செய்ய முடிந்தது. எனக்காக அவர் தண்டனை வாங்குகிறார் என்ற எண்ணம் என்னைக் குத்தியது. ஆனால் அவர் கிடுகுகளைக் கழற்றும்போது, விசாரணைக்குப் பிறகு நான் அவர் முகத்தில் பார்த்தேயிராத ஒரு தெளிவு இருந்தது.

கற்பிட்டியில் எங்கள் கருவாட்டை வாங்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி, தன் வெங்காயத் தோட்டத்து மூலையில் இடம் தந்தார். களப்பு என்ற உப்பங்கழியில் ஓடும் அவருடைய தோணியில் என் கணவருக்கு வேலையும் தந்தார். நாங்கள் பாயும் சட்டியுமாகப் போய் இறங்கிய அன்று அவர் என்னிடம், "ஒண்டுக்கும் யோசிக்க வேணாம் மகள். கிணறு இரிக்கி, இடம் இரிக்கி" என்றார். பிறகு என் கணவரிடம், "அந்தப் பாட்ட எங்கட தோணிக்காரரும் படிக்கிற. கட்டினது ஆரோ தெரியா. அல்லாஹ் அந்த வாய்க்கு றஹ்மத் செய்யட்டும்" என்றார்.

நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கட்டியவள் முன்னாலேயே நிற்கிறாள் என்று தெரியாமல், இறையருளை வேண்டிச் சொன்ன வார்த்தை அது. அதில் மரியாதைக்காகச் சேர்த்த ஒரு சொல்கூட இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பாராட்டுக்கும் எனக்கு ஏக்கம் வந்ததில்லை.

அந்த மாதமே என் கணவர் விசாரணை அதிகாரியிடம் போய், தான் சொன்னது பொய் என்று சொன்னார். அந்தக் கோப்பு மூடியாயிற்று, வீட்டுக்குப் போ என்றாராம் அதிகாரி. வந்து ஒரு சட்டி சோறு சாப்பிட்டார். சட்டம் சம்மாட்டியாரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதன்பின் அந்தக் கரையில் ஒரு வள்ளமும் தார் காயாமல் இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள். தார்ச்சட்டியை அடுப்பில் ஏற்றினாலே யாராவது அந்த மெட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்களாம். அவர் எதுவும் சொல்லாமல் காத்திருப்பாராம்.

அண்ணாவியாரைப் பிறகு ஒரேயொரு தடவை புத்தளத்தில் கண்டேன். உப்பளத்தில் கூலியாக இருந்தார். உதடு வெடித்து, கால்கள் வெளிறிப்போயிருந்தன. ஆனால் கண்ணில் பழைய களைப்பு இல்லை.

"அங்க என்னை ஆருக்கும் தெரியா" என்றார். "உப்பு அள்ளுறவன், அவ்வளவுதான். ஒரு கூத்து எழுதி முடிச்சிட்டன் பிள்ளை. என்ர பேரைப் போட்டு எழுதினது எதுவும் இதுக்குக் கிட்ட வராது." பிறகு, "நீ?" என்றார்.

"மீன் கழுவக்குள்ள வரும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அன்று என்மேல் கண்ணை நிறுத்திய அந்த நொடியில் அவர் என்ன நினைத்தார் என்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். கேட்கவில்லை.

என் கணவரிடம் சொல்லாததைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தோம். ஒளித்தேன் என்ற குற்றவுணர்வு சில நாட்களில் வரும். ஆனால் அன்று அவருக்குத் தெரிந்திருந்தால் என்னைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பார். அந்த வரி அவருடைய தொண்டையிலிருந்து வந்திருக்காது. பிறகு சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால், நான் சட்டியோடு குந்தியிருக்கையில் என் உதடு அசைந்தாலே அவர் திரும்பிப் பார்த்திருப்பார். என்ன கட்டுகிறாய் என்று ஆசையாகக் கேட்டிருப்பார். நானும் அவருக்குப் பிடிக்கிற மாதிரிக் கட்டத் தொடங்கியிருப்பேன். அவர் கேட்கவில்லை. களப்பிலிருந்து வந்து, வாசலில் படுத்து, நான் முணுமுணுப்பதைக் கேட்டபடியே தூங்கிப்போவார். அந்த வருடங்களில் நிறையக் கட்டினேன்.